றெப்ரி நஜீமும் இரண்டு சகலன்மாரும்

மருதமுனையில் நாலைந்து நஜீம்கள் இருக்கிறார்கள். ஆனால் 'றெப்ரி நஜீம்' என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். காலையிலும் பின்னேரத்திலும் அவர் பாண் ஓட்டோ ஓட்டுவார், பேக்கரி ரொட்டியைத் தெருத் தெருவாக விற்கிற வண்டி. சனி, ஞாயிறுகளில் பந்து விளையாட்டுக்கு றெப்ரியாக நின்று மத்தியஸ்தம் செய்வார். வீட்டில் உலை கொதிப்பது பாணால். ஊருக்குள் பெயர் வந்தது விசிலால்.

இளமையில் அவரும் விளையாடியவர்தான். முழங்கால் திரும்பியதோடு அது நின்றது. பிறகு கட்டாருக்குப் போய், தொழிலாளர் முகாம்களுக்குச் சாப்பாடு ஏற்றும் லொறி ஓட்டினார். வெள்ளிக்கிழமைகளில் அந்த முகாம்களில் பந்து விளையாட்டு நடக்கும். விளையாட எல்லோருக்கும் ஆசை, விசில் பிடிக்க ஒருவருக்கும் விருப்பமில்லை. விளையாட முடியாத நஜீம் விசிலைப் பிடித்தார். ஊர் திரும்பியதும் முறையாகப் பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, கறுப்புச் சட்டை தைத்துக்கொண்டார். முழங்காலுக்கு உறை போட்டுக்கொண்டு ஓடுவார். ஓட்டோவில் இருக்கும்போது யார் என்ன கேட்டாலும் தலையாட்டுகிற மனுசன். மைதானத்துக்குள் இறங்கிவிட்டால் யாருக்கும் தலையாட்டமாட்டார்.

அவருடைய பாண் ஓட்டோ போகும் வழியில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெரிய கேட்டுகள் உண்டு. ஒரு வளவை இரண்டாகப் பிரித்து, நடுவில் மதில் கட்டி, இரண்டு பெண்மக்களுக்கும் தகப்பன் கட்டிக் கொடுத்த வீடுகள். மூத்தவள் சபியாவை முடித்தவர் முத்தலிப் ஹாஜியார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, இரண்டு தறியில் சாறன் நெய்யத் தொடங்கி, இப்போது கல்முனையிலும் கொழும்பிலும் சாறன் கடை வைத்திருப்பவர். இளையவள் நஸீறாவை முடித்தவர் இஸ்ஸதீன் சேர். பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் படித்தவர்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள்.

இரண்டு பேருக்கும் பகை எங்கே தொடங்கியது என்று ஊருக்குத் தெரியும். நஸீறாவின் கல்யாணத்தன்று மாமனார் வந்தவர்களுக்கெல்லாம் இளைய மருமகனைக் காட்டி, "இவர்தான் எங்கட குடும்பத்துக்குப் படிச்ச மருமகன்" என்று சொன்னாராம். விருந்துக்குச் சோற்றுச் சஹன் வைத்துக்கொண்டிருந்த மூத்த மருமகனின் காதில் அது விழுந்தது. மாமனார் மவுத்தாகி எவ்வளவோ காலமாகிவிட்டது. அந்தச் சொல் மட்டும் இன்னும் சாகவில்லை.

அதற்குப் பிறகு ஒருவர் வீட்டுக்கு முன்னால் மல்லிகைப் பந்தல் போட்டால் மற்றவர் வீட்டில் போகன்விலா ஏறும். ஹாஜியார் வீட்டுக்கு மேல்மாடி கட்டினார். சேரிடம் அதற்கு வசதி இல்லை, வீட்டுக்குள் நூலகம் வைத்தார். ஹாஜியார் 'பேரலை' விளையாட்டுக் கழகத்துக்குக் காசு கொடுக்கிற போசகரானார். சேர் ஓய்வு பெற்ற கையோடு 'வான்பிறை'க்குத் தலைவரானார். பெண்கள் இரண்டு பேருக்கும் இதில் பங்கில்லை. பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டதும் இரண்டு கேட்டும் திறக்கும். ராத்தாவும் தங்கையும் ஓட்டோவின் இரண்டு பக்கமும் நின்று, பணிஸைத் தெரிவு செய்கிற சாட்டில் ஊர்க்கதையெல்லாம் கதைத்து முடிப்பார்கள். நஜீம் அவசரப்படுத்தமாட்டார். அவருக்கும் அந்தக் கதைகள் வேண்டியிருந்தன.

மூன்று வருடத்துக்கு முன், அந்தச் சகோதரிகளின் நச்சரிப்பால் ஒரு நல்ல காரியம் நடந்தது. மாமனாரின் பெயரில் ஒரு வெற்றிக் கிண்ணம். இரண்டு மருமகன்மாரும் சேர்ந்து கொடுப்பது. இறுதிப் போட்டிக்கு, யார் செய்த துஆவோ தெரியாது, பேரலையும் வான்பிறையுமே வந்து நின்றன. மத்தியஸ்தர் நஜீம்.

மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. மதிலிலும் மரத்திலும் ஆட்கள். கோல் இல்லாமலே விளையாட்டு முடியப் போகிற நேரம், வான்பிறைக்காரன் அடித்த பந்து கோலுக்குள் போகும்போது பேரலையின் பின்வரிசைக்காரன் கையை நீட்டித் தட்டினான். நஜீம் பக்கத்திலேயே நின்றார். விசிலை ஊதி, பெனால்டி இடத்தைக் காட்டினார். பேரலைக்காரர்கள் வந்து சூழ்ந்தார்கள், நெஞ்சில் தள்ளினார்கள். அவர் காட்டிய விரலை மடக்கவில்லை. வான்பிறை அந்த அடியில் வென்றது.

அது வரைக்கும் வழமையானதுதான். கிண்ணம் கொடுக்கிற நேரத்தில்தான் வினை வந்தது. ஹாஜியார் மேடையில் ஒலிவாங்கியை எடுத்தார். முகம் கறுத்திருந்தது.

"கப்பு வெண்டது வான்பிறை இல்ல, விசில்" என்றார். "அந்த விசில் என்ன விலைக்குப் போனதெண்டு என்ட சகலனுக்கிட்டக் கேளுங்க."

கூட்டத்தில் பாதி சிரித்தது, பாதி கூச்சல் போட்டது. மேடைக்குக் கீழே பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற நஜீம், ஹாஜியாரைப் பார்க்கவில்லை. அடுத்த கதிரையில் இருந்த இஸ்ஸதீன் சேரைத்தான் பார்த்தார். சேர் எழும்புவார், ஒலிவாங்கியை வாங்குவார், 'அப்படி ஒன்றும் இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றார். சேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புன்னகைத்தபடி இருந்தார். சகலன் ஊர் முன்னால் தன்னை மறந்து கத்துவதைப் பார்ப்பதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு சுகம். கீழே நின்ற மனுசனைப் பற்றி அவர் அந்த நேரம் நினைக்கவேயில்லை.

நஜீம் பந்தை நிலத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். மனைவி ஹாஜறாவுக்குச் செய்தி அதற்கு முந்தியே போய்ச் சேர்ந்திருந்தது. கறுப்புச் சட்டையை வாங்கித் தோய்த்து, காய்ந்ததும் இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி, அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாள். விசிலையும் அதன் மேல் வைத்தாள். நஜீம் அதைத் தடுக்கவில்லை.

பேரலைக்காரர்களின் தெருக்களில் பாண் விற்பனை விழுந்தது. ஓட்டோவின் பாட்டுக் கேட்டதும் திறக்கிற கேட்டுகள் திறக்கவில்லை. சில பொடியன்கள் விசிலடித்துக் கேலி செய்தார்கள். அவர் வழியை மாற்றி, பாண்டிருப்புப் பக்கமும் நற்பிட்டிமுனைப் பக்கமும் ஓடினார். புது வாடிக்கை பிடித்தார். பாண்டிருப்பில் செல்லத்தங்கம் என்ற அம்மா, கோயில் திருவிழா நாட்களில் ஓட்டோவையே வெறுமையாக்கி அனுப்புவா. அதனால் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை பின்னேரங்களில், மைதானத்துச் சத்தம் காற்றில் வரும்போது, அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. கடற்கரைக்குப் போய் தோணிகளின் ஓரமாக நடந்துகொண்டிருப்பார்.

கடற்கரை ஒழுங்கையை மட்டும் அவர் விடவில்லை. ஹாஜியார் வீட்டுக் கேட்டுத் திறப்பதில்லை. ஆனால் நஸீறா வழமையை விட இரண்டு மடங்கு வாங்குவா. பாதி மதிலுக்கு மேலால் ராத்தாவுக்குப் போகும். முத்தலிப் ஹாஜியார் காலையில் தேங்காய்ச் சம்பலோடு தின்பது யாருடைய பாண் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் தின்றார் என்றுதான் நஜீம் நினைத்தார். அதில் அவருக்கு ஒரு சின்னச் சிரிப்பும் உண்டு.

இரண்டாவது மாரியில் வெள்ளம் வந்தது. கிட்டங்கிப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தது. வயல் எது, வாய்க்கால் எது, றோட்டு எது என்று தெரியவில்லை. முகத்துவாரத்தை வெட்டி விட்டும் வெள்ளத்தைக் கடல் உள்வாங்கவில்லை. மருதமுனையில் தாழ்வான ஒழுங்கைகளிலெல்லாம் இடுப்பளவு தண்ணீர். பிரதான வீதி மேடாக இருந்ததால் பேக்கரி அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஓட்டோ ஓடாது. நஜீம் ஒரு லொறி டியூபுக்குக் காற்றடித்து, அதன் மேல் பலகை கட்டி, பாணைப் பொலித்தீனில் சுற்றி அடுக்கி, தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போனார். பேரலை வீடு, வான்பிறை வீடு என்று பார்க்கவில்லை. பசிக்கிற வீடா என்று மட்டும் பார்த்தார். முன்பு கேட்டைத் திறக்காதவர்களும் ஜன்னலால் கையை நீட்டினார்கள்.

கடற்கரை ஒழுங்கையில் சேருடைய வீட்டுக்குள் தண்ணீர் போய்விட்டது. வீட்டில் ஒருவரும் இல்லை. மேலே பார்த்தால், ஹாஜியார் வீட்டு மேல்மாடியில் சபியாவும் நஸீறாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். தங்கை புருசனை ராத்தா இழுத்து ஏற்றியிருந்தா. சேர் புத்தகக் கட்டுகளோடு ஏறியிருந்தார்.

சபியா கயிற்றில் வாளி இறக்கினா. பாணைப் போட்ட பிறகு, "நஜீம், மேல வா தம்பி" என்றா. "ரெண்டு பேரும் காலையில இருந்து பிடிச்ச சண்டைய விடுறாங்க இல்ல. நீ வந்து கேளு."

நஜீம் தயங்கினார். பிறகு குளிர் நடுக்கியது. டியூபைக் கேட்டில் கட்டிவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்டப் படி ஏறினார்.

மேலே விரித்த பாயில் சகலன்மார் இரண்டு பேரும் எதிரெதிரே இருந்தார்கள். மின்சாரம் இல்லை, ஃபோன் செத்துவிட்டது, போவதற்கு இடமில்லை. முப்பது வருடமாக முகம் பார்த்துக் கதைக்காதவர்கள், வேறு வழியில்லாமல் கதைக்கத் தொடங்கி, எங்கெங்கோ போய், கடைசியில் அந்தப் பெனால்டியில் வந்து நின்றிருந்தார்கள். நஜீமைக் கண்டதும் ஹாஜியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நஸீறா ஒரு துவாயும் இஞ்சி போட்ட பிளேன்டித் தேநீரும் கொண்டுவந்து கொடுத்தா.

சேர்தான் கேட்டார். "நஜீம், நீயே சொல்லு. அண்டைக்கு அது கையில பட்டதா இல்லையா?"

"நான் அண்டைக்கே சொன்னன் சேர்" என்றார் நஜீம். "விசிலால சொன்னன்."

ஹாஜியார் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நிலத்தைப் பார்த்தபடியே, "நானும் கண்டன்" என்றார். "கதிரையில இருந்து தெளிவாக் கண்டன். கையாலதான் தட்டின."

சேர் தொடையில் தட்டிச் சிரித்தார். சபியாவைப் பார்த்து, "கேட்டீங்களா ராத்தா?" என்றார்.

நஜீம் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய குரல் உயரவில்லை. "நீங்களும் கண்டீங்க சேர். ஹாஜியார் பொய் சொல்றாரெண்டு தெரிஞ்சும் சிரிச்சிக்கிட்டு இருந்தீங்க. அவர் கோவத்துல சொன்னாரு. நீங்க கோவம் இல்லாமலே பாத்துட்டு இருந்தீங்க."

சேரின் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுபோனது. நஸீறா புருசனைப் பார்த்தா. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

ஹாஜியார் எழும்பி வந்து நஜீமின் கையைப் பிடித்தார். பொருந்திக்கொள்ளச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். ஊரில் பெரிய மனுசன், தகப்பன் வயதுக்குக் கொஞ்சம் கீழே, ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"நான் பொருந்திட்டன் ஹாஜியார். அல்லாஹ்வுக்காகப் பொருந்திட்டன்" என்றார். "ஆனா அது உங்களுக்கும் எனக்கும் உள்ளது. நீங்க ஊருக்குச் சொன்னத ஊருக்குத்தான் மாத்திச் சொல்லணும். அது வரைக்கும் நான் விசில் எடுக்கமாட்டன்."

வெள்ளம் வடிந்தது. சேர் குடும்பம் சேற்றைக் கழுவிக்கொண்டு தங்கள் வீட்டுக்குப் போனது. நஜீமின் பாண் ஓட்டோ எல்லாத் தெருக்களுக்கும் திரும்பப் போனது. ஆனால் ஹாஜியாருக்கு ஒலிவாங்கி கனத்தது. முதலில் நஜீமின் வீட்டுக்கு ஒரு கட்டுச் சாறன் அனுப்பினார். நஜீம் ஒன்றை எடுத்துக்கொண்டு, சலாம் சொல்லி, மற்றதைத் திருப்பி அனுப்பினார். பிறகு ஓட்டோவுக்குப் புது மேற்கூடு போட்டுத் தருவதாக ஆள் வந்தது. கூடு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். கடையில் நான்கு பேர் இருக்கும்போது, 'அந்தப் பெனால்டி சரிதான்' என்று ஹாஜியார் பொதுவாகச் சொல்லிப் பார்த்தார். அது நஜீமின் காதுக்கு வந்தது. நான்கு பேர் ஊராகமாட்டார்கள் என்று அவர் ஹாஜறாவிடம் சொன்னார்.

"கிழவனப் பாடாப் படுத்துறீங்க" என்றாள் ஹாஜறா.

"நான் ஒண்டும் படுத்தல்ல. பாண் குடுத்திட்டுத்தான் வாறன்" என்றார்.

நோன்பு வந்தது. ஹாஜியார் இளைத்துப் போனார் என்று சபியா ஓட்டோவடியில் நின்று சொன்னா. நோன்பினால் அல்ல, யோசனையினால். தொழுகை முடிந்து வந்தால் மேல்மாடியில் தனியாக நடந்துகொண்டு ஏதோ சொல்லிப் பழகுகிறாராம். பேச்சுப் பழக்க அடுத்த வீட்டில் ஒரு அதிபர் இருக்கிறாரே என்று நஸீறா சிரித்தா. அது சிரிப்புக்காகச் சொன்னதுதான். ஆனால் அதற்கு அடுத்த கிழமை, சேர் பின்னேரம் கேட்டைத் திறந்துகொண்டு சகலன் வீட்டுக்குப் போனதை நஜீமே கண்டார்.

பெருநாளுக்கு மறுநாள் மைதானத்தில் சிநேகபூர்வப் போட்டி. நஜீம் போக நினைக்கவில்லை. ஹாஜறாதான், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் வழி என்று சொல்லி அவரை அந்தப் பக்கமாக அழைத்துக்கொண்டு போனாள். நஜீமுக்கு அது புரிந்தது, புரியாதது போல் கூட நடந்தார்.

ஹாஜியார் மேடையில் ஏறினார். பழகிய பேச்சு வரவில்லை. ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு நேராகவே சொன்னார்.

"இந்த இடத்துல நிண்டு நான் ஒரு பொய் சொன்னன். நஜீம்ட விசில ஒருத்தரும் வாங்கல்ல. என்ட கழகத்துக்காரன் கையால தட்டின. நான் கண்டன். கண்டுட்டுத்தான் பொய் சொன்னன்."

பேரலையின் பின்வரிசைக்காரன், இப்போது கல்யாணம் முடித்து ஒரு பிள்ளைக்குத் தகப்பன், கூட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டான். ஹாஜியார் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தவறு தன்னுடையது என்று மட்டும் திரும்பவும் சொன்னார்.

அவர் இறங்குவதற்குள் இஸ்ஸதீன் சேர் எழும்பினார். அவரை யாரும் பேச அழைத்திருக்கவில்லை. அழகாகப் பேசுகிறவர் என்று பெயர் எடுத்த மனுசன், அன்றைக்கு மிகக் குறைவாகத்தான் பேசினார். தன் சகலன் ஒரு பிழை விட்டார், அதைத் தடுக்கக்கூடிய ஒரே ஆள் தானாக இருந்தும் தடுக்கவில்லை, அதனால் பிழையில் பெரும் பங்கு தனக்கு என்றார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு உண்மையைப் பேசச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தேவைப்பட்ட நாளில் வாயை மூடிக்கொண்டு இருந்ததாகவும் சொன்னார். குரல் ஒரு இடத்தில் உடைந்தது. ஹாஜியார் பக்கத்தில் நின்று அவர் முதுகைத் தடவினார். பெண்கள் பக்கத்தில் இருந்த சபியாவும் நஸீறாவும் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள்.

யாரோ நஜீமைக் கண்டு மேடைக்குத் தள்ளினார்கள். இரண்டு பேருக்கும் கை கொடுத்து முஸாபஹா செய்தார். கூட்டம் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொன்னது. போட்டிக்கு வந்திருந்த மத்தியஸ்தர், அக்கரைப்பற்றுக்காரர், தன் விசிலைக் கழற்றி நீட்டினார். நஜீம் வேண்டாமென்று தலையசைத்தார். தன்னுடையது வீட்டில் இருக்கிறது, சட்டையும் மினுக்கி இருக்கிறது, அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

இரண்டு வருடமாகக் கிடந்த சட்டை வயிற்றில் கொஞ்சம் இறுகியது. ஹாஜறா பொத்தானைத் தள்ளித் தைத்தாள். முதல் கிழமை மூச்சு வாங்கியது. மூன்றாவது கிழமை ஓட்டம் பழையபடி வந்தது.

அந்த வருடம் பேரலையிலும் வான்பிறையிலும் நல்ல ஆட்களைத் தெரிந்தெடுத்து ஒரு அணியாக்கினார்கள். அதை விரும்பியது ஹாஜியாரா சேரா என்று இப்போதும் ஊரில் வாதம் உண்டு. அந்த அணியின் முதல் விளையாட்டு பாண்டிருப்போடு. செல்லத்தங்கத்தின் மகன் சுதன்தான் அந்தப் பக்கத்துத் தலைவன். சகலன்மார் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில், ஒரு குடைக்குக் கீழே இருந்து பார்த்தார்கள்.

பாண்டிருப்பு இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. வெற்றிக் கோல் ஓப்சைட் என்று ஹாஜியார் கத்தினார். சேரும் எழும்பி, குடையால் மைதானத்தைக் காட்டிக் காட்டி, ஓப்சைட்தான் என்று கத்தினார். நஜீம் கை காட்டி அவர்களை இருக்கச் சொன்னார். கொஞ்சம் முறுமுறுத்துக்கொண்டு இருந்தார்கள். விளையாட்டு முடிந்ததும் சுதனைக் கூப்பிட்டு, நன்றாக விளையாடினான் என்று இரண்டு பேரும் தட்டிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து முழங்கால் உறையைக் கழற்றும்போது, யார் வென்றது என்று ஹாஜறா கேட்டாள். நஜீம் சொன்னார். பெரிய மனுசர் இரண்டு பேரும் சேர்ந்து தன்னை ஏசியதையும் சொன்னார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. ஹாஜறா சோற்றைப் போட்டு, கோழிக்கறியை அவர் பக்கமாகத் தள்ளி வைத்து, மெய்யாகவே அது ஓப்சைட்டா என்று கேட்டாள்.

"இல்ல" என்றார் நஜீம், சோற்றைப் பிசைந்துகொண்டு. "நான் பக்கத்துலதான் நிண்ட."